ஸ்னோ டயர் போட்டும் கார் வழுக்குகிறதா? பின்சக்கர ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

கனடாவில் மஸ்டாங், மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86, சுபாரு பிஆர்இசட் போன்ற கார்களை நவம்பரில் மூடிவைக்காமல் குளிர்காலம் முழுக்க ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஓட்டலாம், தவறில்லை. நாலு நல்ல குளிர்கால டயர் போட்ட பின்சக்கரக் கார் (இன்ஜின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும் கார்), ஆல் சீசன் டயரோடு ஓடும் நாலுசக்கர ஓட்ட எஸ்யுவியைவிட ஐஸில் சீக்கிரம் நிற்கும். பிரேக் பிடிக்கும்போது எத்தனை சக்கரத்துக்கு இன்ஜின் விசை போகிறது என்பது கணக்கிலேயே வராது.

அப்படியும், "இவ்வளவு பணம் கொடுத்து டயர் போட்டேன், கார் சொன்ன பேச்சு கேட்க மாட்டேன் என்கிறது" என்ற புலம்பல் ஜனவரியில் தவறாமல் வரும். கேட்டுப் பார்த்தால் டயர் மேல் குற்றம் இருப்பது அரிது. காற்று குறைந்திருக்கும், ரிம் சரியாக உட்கார்ந்திருக்காது, வாங்கிய டயரின் வகை ஊருக்குப் பொருந்தாமல் இருக்கும், அல்லது வலது கால் இன்னும் ஜூலை மாதத்திலேயே இருக்கும். இதில் எது என்று பிரித்துப் பார்க்க ஒரே வழி, தொல்லை எப்போது வருகிறது என்று கவனிப்பது.

எந்தத் தொல்லையானாலும் முதலில் காரைச் சுற்றி ஒரு நடை போய்வாருங்கள். நாலும் ஒரே டயரா? பக்கச்சுவரில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருக்கிறதா? எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் அதைக் குளிர்கால டயர் கணக்கில் சேர்க்காதீர்கள். எந்தச் சோதனையும் இல்லாமல், டிரெட் (தரையைத் தொடும் ரப்பரின் பள்ளம் மேடு) அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் எழுத்து அது. டிரெட் ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் பனியில் பிடிப்பை எதிர்பார்க்க வேண்டாம். சட்டப்படி சுமார் 1.6 மி.மீ. வரை ஓட்டலாம்தான், ஆனால் பனிக்குச் சட்டம் தெரியாது. சுழலும் திசை அம்பு உள்ள டயரானால், முன்னோக்கி உருளும்போது அம்பும் முன்னோக்கிப் போகிறதா என்று பாருங்கள். அவசரத்தில் இடது வலது மாற்றி மாட்டிவிடுவது கடைகளிலும் நடக்கும். உருகிய சேற்றுப்பனியை வெளியே தள்ள வேண்டிய பள்ளங்கள் அப்போது தலைகீழாக வேலை செய்யும்.

இனி ஒவ்வொரு தொல்லையாகப் பார்ப்போம்.

கிளம்பவே மாட்டேன் என்கிறது, பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது

குனிந்து காருக்கு அடியில் பாருங்கள். ஜிஆர்86, எம்எக்ஸ்-5 இரண்டுக்கும் தரையிலிருந்து வயிறு வரை உள்ள இடைவெளி சுமார் 13, 14 செ.மீ.தான். பனி தள்ளும் வண்டி தெருவில் போகும்போது உங்கள் டிரைவ்வே வாசலில் ஒரு வரப்பு கட்டிவிட்டுப் போகுமே, அதன்மேல் கார் ஏறினால் வயிறு பனியில் உட்கார்ந்துவிடும். எடை முழுக்கப் பனிமேல், சக்கரத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம். அந்த நிலையில் உலகத்திலேயே உயர்ந்த டயரும் உதவாது. மண்வாரியை எடுத்து அடியில் உள்ளதை இழுத்து வெளியே போடுவது ஒன்றுதான் வழி. சக்கரத்துக்கு முன்னால் மட்டும் வெட்டிவிட்டு ஏறிப் பார்ப்பது வீண்வேலை. வரப்பை முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டுக் காரை வெளியே எடுப்பதுதான் லாபம்.

வயிறு தட்டவில்லை, தரை மட்டும் வழுக்குகிறது என்றால், நீங்களே பளபளப்பாக்கிய ஐஸ் மேல் டயர் நிற்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சூட்டில் மேல்பரப்பு உருகி, உறைந்து, கண்ணாடியாகிவிடும். மிதிப்பதை நிறுத்துங்கள். மணலோ, பூனைக் கழிவுத் தொட்டிக்குப் போடும் களிமண் குருணையோ சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தூவுங்கள். கையால் கியர் மாற்றும் காரானால் இரண்டாம் கியரில், கிளட்ச்சை மெல்ல விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் கிளப்புங்கள். ஆட்டோமேட்டிக்கில் ஸ்னோ மோட் இருந்தால் அதைப் போடுங்கள்.

அப்படியும் நகரவில்லை, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் மூச்சடைத்ததுபோல் இறங்குகிறது என்றால், டிராக்‌ஷன் கண்ட்ரோல் விசையை வெட்டுகிறது. அதற்கு நீங்கள் மாட்டிக்கொண்டது தெரியாது, சக்கரம் சுற்றுவது மட்டும் தெரியும். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் அதை அணைத்துவிட்டு, காரை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டி எடுக்கலாம். வெளியே வந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

ஜிஆர்86 மாதிரி டார்சன் வகை டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) உள்ள கார்களுக்கு இன்னொரு வித்தை உண்டு. ஒரு பின்சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லாமல் போனால், டார்சன் மற்றதற்கும் விசை அனுப்பாமல் விட்டுவிடும். அப்போது ஹேண்ட்பிரேக்கை ஒன்றிரண்டு கிளிக் மட்டும் இழுத்துக்கொண்டு மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுத்தால், சும்மா சுற்றும் சக்கரத்துக்கு ஒரு எதிர்ப்பு கிடைக்கும், விசை அடுத்த பக்கம் போகும். கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக் உள்ள காரில்தான் இது நடக்கும். பட்டன் வகையில் முடியாது.

டிரங்க்கில் மண்மூட்டை போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பழைய பிக்கப் வண்டிகளுக்குச் சொன்ன அறிவுரை அது. எம்எக்ஸ்-5 முன்பின் எடை கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி பிரிந்த கார். மஸ்டாங்கிலும் பின்பக்கம் ஒன்றும் காலியாக இல்லை. பின் அச்சுக்கும் பின்னால் வைக்கிற பாரம் முன்பக்கத்தைத் தூக்கும், வழுக்கினால் வாலை இன்னும் வேகமாக வீசும். தூவுவதற்காக ஒரு சின்ன மூட்டை மணல் வைத்திருங்கள், அசையாமல் கட்டி வையுங்கள், போதும்.

வளைவில் காலை எடுத்ததும் பின்பக்கம் வெட்டிக்கொண்டு போகிறது

இந்தத் தொல்லைக்குத்தான் கொஞ்சம் நிதானமாக நேரம் ஒதுக்க வேண்டும். பின்சக்கரக் காரில் வால் போவது ஆக்சிலரேட்டரை அதிகம் மிதித்தால்தான் என்று நினைக்கிறோம். அது பாதிதான். நகரத்தில் பலரைப் பயமுறுத்துவது அதற்கு நேர் எதிரானது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டோம் என்று தோன்றுகிறது, காலைச் சட்டென்று எடுக்கிறோம், அல்லது மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கி கிளட்ச்சை விடுகிறோம். இன்ஜின் காரைப் பிடித்து இழுக்கும், ஆனால் அந்த இழுப்பு பின்சக்கரம் இரண்டில் மட்டும் விழும். அதே கணத்தில் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகிறது. லேசான சக்கரத்தில் இழுப்பும் விழுந்தால் அது வழுக்காமல் என்ன செய்யும்? முன்சக்கரக் காரில் இதே வேலையைச் செய்தால் பெரும்பாலும் முன்பக்கம்தான் அகன்று போகும். அந்தப் பழக்கத்தில் வந்தவர்களுக்கு இது புதிது.

தீர்வு வளைவுக்கு முன்பே இருக்கிறது. நேர்ச்சாலையிலேயே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பிரேக் நாலு சக்கரத்துக்கும் போகும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை இம்மியளவு மிதித்தபடியே போங்கள். கியர் இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், கிளட்ச் விடும் முன் ஆர்பிஎம்மை (இன்ஜின் சுழலும் வேகத்தை) கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். புதிய கார்கள் சிலவற்றில் அது தானாகவே நடக்கும். வால் போகத் தொடங்கிவிட்டால் கிளட்ச்சை முழுக்க மிதித்து, பின்பக்கம் போகும் திசையிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பி, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். முட்டிவிடுவோமோ என்று பயப்படும் கம்பத்தைப் பார்த்தால் கையும் அங்கேயே போகும். கார் வழுக்கிச் சுழலாமல் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை அணைத்துவிட்டு ஓட்டுவது வீரம் இல்லை.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை, சிக்னலில் பச்சை விழுந்து நேராகக் கிளம்பும்போதே வால் ஒரு பக்கம் இறங்குகிறது என்றால் அது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலின் குணம். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுற்றும், மற்றது தரையைப் பிடித்தபடி வாலைக் காப்பாற்றும். லிமிடெட் ஸ்லிப்பில் இரண்டும் சேர்ந்து சுற்றும். சுற்றுகிற டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு மிஞ்சாது. சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும் அல்லவா, சரிவுப் பக்கம் வால் இறங்கிவிடும். கோளாறு இல்லை. விசையைக் குறைத்தால் சக்கரம் பிடிக்கும், வாலும் நேராகும்.

பனியில் நன்றாகப் போகிறது, ஐஸில் மட்டும் கைவிடுகிறது

வாங்கிய டயரின் வகையைப் பாருங்கள். மலைமுத்திரைக்கான சோதனை இறுகிய பனியில் நடப்பது. ஐஸில் எப்படி என்று அந்த முத்திரை சொல்லாது. ஒரே முத்திரை உள்ள இரண்டு டயர் ஐஸில் வேறுவேறு மாதிரி நடந்துகொள்வது அதனால்தான்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு என்று கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது மிஷெலின் பைலட் ஆல்பின், பிரெல்லி சோட்டோசீரோ போன்ற பெர்ஃபார்மன்ஸ் வகை. ஜெர்மனியின் ஆட்டோபானை மனதில் வைத்துச் செய்தவை: ஈரமான, குளிர்ந்த, வேகமான சாலை. ஸ்டீயரிங் கூர்மையாக இருக்கும், வேகக் குறியீடு (டயர் தாங்கும் உச்ச வேகத்தைச் சொல்லும் எழுத்து) வி அல்லது அதற்கு மேல். மிஷெலின் எக்ஸ்-ஐஸ், பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக், நோக்கியன் ஹக்கபெலீட்டா ஆர் வரிசை வேறு ஜாதி. ரப்பர் மெத்தென்று இருக்கும், டிரெட் முழுக்க மெல்லிய கீறல்கள், குறியீடு பெரும்பாலும் டி அல்லது எச். டி என்றாலே மணிக்கு 190 கி.மீ. வரை தாங்கும், பிப்ரவரியில் 401 நெடுஞ்சாலையில் அதற்கு மேல் எதற்கு?

ஒட்டாவா, மாண்ட்ரியல், சட்பரி பக்கம் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது வகையை வாங்கலாம் என்பது என் கருத்து. உடனே உப்பு போடும் டொரன்டோ நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்குப் பெர்ஃபார்மன்ஸ் வகை ஒத்துப்போகும், ஆனால் பக்கத்துத் தெருக்களில் கவனம் தேவை. தெற்கு ஒன்டாரியோக்காரர்கள் ஆணி பதித்த டயரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், சட்டம் இடம் கொடுக்காது. கியூபெக்கில் அக்டோபர் 15 முதல் மே 1 வரை போடலாம்.

இன்னொன்று: மைனஸ் 20 டிகிரி ஐஸைவிட பூஜ்ஜியத்தை ஒட்டிய ஐஸ்தான் அதிகம் வழுக்கும், மேலே மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால். நேற்றைய கடுங்குளிரில் நன்றாக நின்ற கார், இன்று வெயில் அடிக்கும்போது சிக்னலில் நழுவினால் டயர் ஒரே இரவில் கெட்டுவிடவில்லை.

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் நேராகப் போகிறது

முன்னால் என்ன டயர்? "பின்சக்கர ஓட்டம்தானே, பின்னால் இரண்டு போட்டால் போதாதா" என்ற சிக்கனம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பின்னால் மட்டும் போட்டால் கார் ஜம்மென்று கிளம்பும். திரும்பாது, நிற்காது. பிரேக்கின் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் விழுகிறது. நாலும் போடுவதைத் தவிர இதற்கு வேறு வைத்தியம் இல்லை.

நாலும் இருக்கிறது என்றால் காற்றைப் பாருங்கள். அடுத்து வேகத்தை. முன்சக்கரம் நழுவும்போது ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பிக்கொண்டே போகாதீர்கள். கொஞ்சம் நேராக்கினால்தான் டயர் மறுபடி பிடிக்கும்.

டயர் காற்று குறைவைச் சொல்லும் விளக்கு எரிகிறது

விளக்கு எப்படி எரிகிறது என்று பாருங்கள். காரைப் போட்டதும் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால், சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை. குளிர்கால ரிம்மில் சென்சார் இல்லை, அல்லது இருக்கிறது ஆனால் காருக்கு அறிமுகம் செய்துவைக்கவில்லை. மஸ்டாங்கில் கையடக்கக் கருவியை முன் இடது சக்கரத்தில் தொடங்கி வரிசையாகக் காட்டினால், ஒவ்வொன்றுக்கும் ஹார்ன் அடித்துப் பதிவாகும். டொயோட்டாவுக்குப் பெரும்பாலும் ஸ்கேன் கருவி வைத்துச் சென்சார் எண்ணைப் பதிய வேண்டும். கனடாவில் இந்த ஏற்பாடு சட்டப்படி கட்டாயமில்லை என்பதால் சென்சார் இல்லாமலே ஓட்டுபவர்களும் உண்டு. அப்படியானால் கையில் ஒரு காற்றுமானி இருந்தே தீர வேண்டும்.

மினுக்காமல் நேராக எரிந்தால் காற்று குறைவு. வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறையும். 18 டிகிரி சூடுள்ள கடைக்குள் 35 நிரப்பிக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியே மைனஸ் 20. மறுநாள் காலை உள்ளே இருப்பது 28 சொச்சம். இதில் ஒரு வில்லங்கம்: பல கார்களில் குறிப்பிட்ட அளவிலிருந்து கால்பங்கு இறங்கினால்தான் விளக்கு எரியும். 35க்கு அது 26. ஆக, 7 பிஎஸ்ஐ போனபிறகும் விளக்கு சாதுவாக அணைந்தே இருக்கும், கார் மட்டும் கொழகொழவென்று திரும்பும். விளக்கை நம்பாமல், இரவு முழுக்க வெளியே நின்ற காரில் காலையில் அளந்து, ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள்.

வால்வுக்கு உலோக மூடி போட்டிருந்தால் கழற்றி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் மூடி போடுங்கள். உப்பில் அரித்து உலோக மூடி வால்வோடு ஒட்டிக்கொள்ளும். திருகினால் சென்சார் தண்டே உடைந்து வரும்.

80, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது

நேற்று பனிப்புயலில் ஓட்டினீர்களா? ரிம்மின் உள்வளையத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள். சேறும் பனியும் கலந்து ஒரு பக்கமாக அப்பி இரவில் கல்லாக உறைந்திருக்கும். ஒரு பிடி பனி போதும், சக்கரத்தின் சமநிலை போய்விடும். பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிடுங்கள். அடித்து நொறுக்காதீர்கள், சமநிலைக்காகப் பொருத்திய எடைகளும் சேர்ந்து வந்துவிடும். அல்லது வெந்நீர் வரும் கார் கழுவுமிடத்தில் ஐந்து நிமிடம். கடைக்கு ஓடிப் பேலன்சிங்குக்குப் பணம் கொடுத்துவிட்டு, உருகியதும் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுபவர்கள் ஏராளம்.

டயர் மாற்றிய நாளிலிருந்தே நடுக்கம் என்றால் அது வேறு கதை. கார் நிறுவனம் அல்லாதவர்கள் செய்யும் வெளிச்சந்தை ரிம்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக நடுத்துளையைப் பெரிதாக வைப்பார்கள். எம்எக்ஸ்-5 ஹப் (சக்கரம் மாட்டும் மையப்பகுதி) 54.1 மி.மீ., ஜிஆர்86 ஹப் 56.1 மி.மீ. துளை அதைவிடப் பெரிதானால் இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும். அது இல்லாவிட்டால் சக்கரம் மையத்தில் உட்காராது. ஹப் முகத்தில் துரு மேடு கட்டியிருந்தாலும் இதே நடுக்கம் வரும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்ட வேண்டும்.

நட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள்: ஜிஆர்86க்கு 120 நியூட்டன் மீட்டர், ஆறாம் தலைமுறை மஸ்டாங்குக்கு 204. இரண்டையும் நட் என்றுதான் சொல்கிறோம், ஆனால் நட் ஒன்றல்ல. ஒரு காரின் அளவை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.

நடுக்கம் கையில் தெரிந்தால் முன்சக்கரத்தையும், சீட்டில் தெரிந்தால் பின்சக்கரத்தையும் முதலில் சந்தேகப்படுங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க்கைப் பாருங்கள், டயரை விட்டுவிடுங்கள். காலையில் முதல் சில கிலோமீட்டர் தடதடத்துவிட்டுத் தானாகப் போனால், குளிரில் நின்ற டயர் தட்டையாகிச் சூடேறியதும் உருண்டைக்குத் திரும்புகிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.

காய்ந்த ரோட்டில் கார் மிதக்கிறது, ஸ்டெபிலிட்டி விளக்கு காரணமில்லாமல் மினுக்குகிறது

மிதப்பு இயல்பு. உயரமான, மென்மையான டிரெட் கட்டைகள் வளைவில் நெளியும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குக் கூடுதலாகவே இருக்கும்.

விளக்கு மினுக்குவது அப்படி இயல்பானதல்ல. பின்னால் அகலமான டயர் வரும் கார்களுக்குக் குளிர்காலத்தில் நாலும் ஒரே அளவில், கொஞ்சம் குறுகலாகப் போடுவது நல்ல யோசனைதான்: குறுகிய டயர் பனியை வெட்டிக்கொண்டு இறங்கும், முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தையும் சமன் செய்யலாம். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் உருளும் விட்டம் காருக்குப் பழகிய விகிதத்திலிருந்து விலகினால், சக்கரம் வழுக்குவதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். ரிம் அளவைக் குறைக்கும்போது பிரேக்கையும் பாருங்கள். பெரிய பிரெம்போ பிரேக் போட்ட மஸ்டாங்கில் 17 அங்குல ரிம் ஏறவே ஏறாது. வாங்கும் முன் ஒரு ரிம்மை மட்டும் மாட்டிச் சுற்றிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எப்போது மாற்றுவது, எப்போது கழற்றுவது

கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் காப்பீட்டு நிறுவனங்கள் குளிர்கால டயருக்குக் கட்டணத் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும், கேட்டு வாங்குங்கள். தேதியைவிட வெப்பமானியைப் பாருங்கள். பகல் வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே தங்கத் தொடங்கினால் கோடை டயர் இறுகிவிடும்.

பைலட் ஸ்போர்ட் போன்ற கோடை டயர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மைனஸ் 7க்குக் கீழே அந்த ரப்பர் விறைத்து, அசைத்தாலே வெடிப்பு விடக்கூடும். டிரைவ்வேயில் இரண்டடி நகர்த்துவதுகூட வேண்டாம். கடைக்கு ஓட்டிப்போய் மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருந்து குளிர் முந்திக்கொண்டால், ஜாக்கி போட்டு வீட்டிலேயே மாற்றுங்கள். கழற்றிய டயரை வெளிக்கொட்டகையில் வைத்திருந்தால் வசந்தத்தில் மாட்டும் முன் ஒருநாள் வீட்டுக்குள் கொண்டுவந்து சூடேறவிட்டு, டிரெட் பள்ளங்களை விளக்கு அடித்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல் தெரிந்தால் அந்த டயரை மாட்டாதீர்கள்.